திருமுறையும் திரட்டும்: சேதுநாட்டுப் பதிகங்களை முன்னிட்ட ஓர் ஆராய்ச்சி

சைவ நன்மக்கள் கூடுமிடங்களிற் பலகாலும் எழுவதொரு வினாவுண்டு. அருளாளர் திருவாய்மலர்ந்த பாடல்களுள் தலைசிறந்தன யாவை என்பதே அது. ஒருவர் திருஞானசம்பந்தர் பதிகங்களை முன்வைப்பர். ஒருவர் திருவாசகத்தின்மேற் பாடலில்லை யென்பர். மற்றொருவர் தாயுமானார் பாடலையும் திருப்புகழையும் அருட்பாவையும் விலக்கி வரிசை யெழுதுதல் எங்ஙனம் பொருந்தும் எனக் கடாவுவர். சொற்போர் வளரும், முடிபு பிறவாது. இவ்வழக்கு நேற்றுத் தோன்றியதன்று. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளாகச் சைவவுலகம் இதனைப் பல வடிவில் ஆராய்ந்து வந்திருக்கின்றது. அவ்வரலாற்றை யறியாது வாதிடுதல், பத்திரத்தைப் பாராது நிலவழக்காடுதலை யொக்கும்.

இதனைச் சேதுநாட்டை முன்னிட்டு ஆராய யாம் கருதியதற்குக் காரணம் உண்டு. திருமுறையில் இடம்பெற்ற பாடல், பாடியதாகச் சொல்லப்பட்டும் நமக்குக் கிடையாத பாடல், திருமுறைக்குப் புறம்பே நின்றும் அன்பர் நெஞ்சிற் குடிகொண்ட பாடல் ஆகிய மூவகையும் இக்கடற்கரைக்கு உரியனவா யமைந்துள்ளன.

சேதுநாட்டுப் பாடல்கள்

பாண்டிநாட்டுத் தேவாரத் தலங்கள் 14. அவற்றுள் இராமேச்சுரம், ஆடானை, கானப்பேர், புத்தூர், பூவணம், கொடுங்குன்றம், சுழியல் என்னும் ஏழும், 1985-இல் மூன்றாகப் பிரிக்கப்படுமுன் இருந்த பழைய இராமநாதபுர மாவட்டத்துள் அடங்கியிருந்தன. சரிபாதித் தலங்கள் ஒரு மாவட்டத்தில் இருந்தனவென்றால் இந்நாட்டின் பெருமை சொல்லாமே விளங்கும். இன்று இராமநாதபுர மாவட்டத்தில் எஞ்சி நிற்பன இராமேச்சுரமும் திருவாடானையுமாம்.

இராமேச்சுரத்துக்குச் சம்பந்தப்பெருமான் அருளிய பதிகம் இரண்டு. நாவரசர் அருளியது ஒன்று. சம்பந்தர் பதிகங்கள் இரண்டும் மூன்றாந் திருமுறையில் உள்ளன. ஒன்று காந்தாரபஞ்சமப் பண்ணிலும் மற்றொன்று பழம்பஞ்சுரப் பண்ணிலும் அமைந்தன. நாவரசர் பதிகம் நான்காந் திருமுறையில் திருநேரிசையாக விளங்குகின்றது. சம்பந்தர் இராமேச்சுரத்து இருந்தவாறே கடலுக்கப்பாலுள்ள திருக்கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் நினைந்து பாடினர் என்பது சேக்கிழார் வாக்கு. சுந்தரரும் இத்தலத்தை வணங்கினர் என அவரே உரைப்பர். ஆயின் சுந்தரர் பாடலாகத் திருக்கேதீச்சரத்துப் பதிகம் நம் கையில் உள்ளதேயன்றி, இராமேச்சுரத்துக்கென அவர் அருளிய பதிகம் இல்லை.

மாணிக்கவாசகர் திருவாசகத்துள் நீத்தல் விண்ணப்பம் 50 செய்யுளும் உத்தரகோசமங்கையில் அருளப்பட்டன என்பது மரபு. உத்தரகோசமங்கை தேவாரப் பதிகம் பெற்ற தலமன்று. எனினும் திருவாசகத்தை ஓதுவார் எவரும் அவ்வூரை மறவார். இங்ஙனம் ஒரு கரையிலேயே மூவர் பாடலும் மணிவாசகர் பாடலும் அடுத்தடுத்து விளங்குகின்றன. இவற்றுள் எது பெரிது, எது சிறிது என்று அளக்கப் புகுமுன், அளவுகோல் யாதென்று தெளிதல் வேண்டும்.

திருமுறை வகுத்தார் கொண்ட அளவுகோல்

திருநாரையூர் நம்பியாண்டார் நம்பிகள் திருமுறைகளை வகுத்த வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறும். அந்நூலின்படி மூவர் பாடிய பதிகங்கள் சம்பந்தருக்குப் 16,000, நாவரசருக்கு 49,000, சுந்தரருக்கு 38,000 என்பன. தில்லையிற் பூட்டிய அறையைத் திறந்தபொழுது ஏடுகளிற் பெரும்பகுதி செல்லரித்துப் போயின. எஞ்சியவை ஏறத்தாழ 800 பதிகங்களே. இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க தொன்றுண்டு. எஞ்சிய 800-ஐ எவரும் தேர்ந்தெடுத்திலர். செல் விட்டதே நமக்கு வந்தது. ஆதலின் திருமுறையுள் இருப்பதொன்றே பாடற் சிறப்பிற்குக் காரணமென்றும், அதனுட் காணப்படாதது சிறப்பின்மையின் ஒழிந்ததென்றும் கொள்ளுதல் தவறாம். இராமேச்சுரத்துச் சுந்தரர் பாடினரேல், அப்பதிகம் நமக்குக் கிடையாமை அதன் குறையன்று, நம் தவக்குறையே.

எஞ்சியவற்றை நம்பிகள் எம்முறையால் வகுத்தனர்? சம்பந்தர் பாடலை முதல் மூன்று திருமுறையாகவும், நாவரசர் பாடலை அடுத்த மூன்றாகவும், சுந்தரர் பாடலை ஏழாவதாகவும் அமைத்தனர். திருவாசகமும் திருக்கோவையாரும் எட்டாவது; திருவிசைப்பாவும் திருப்பல்லாண்டும் ஒன்பதாவது; திருமந்திரம் பத்தாவது. பின்னர் அரசன் வேண்டுகோளால், ஆலவாய்ப் பெருமான் அருளிய திருமுகப்பாசுரம் முதலாகிய பிரபந்தங்கள் பதினோராந் திருமுறையாயின.

காலப்பழமை இவ்வரிசைக்குக் காரணமோவெனின், அன்று. காரைக்காலம்மையார் மூவர்க்கும் முற்பட்டவர். அவர் பாடல் பதினோராவதில் உள்ளது. அறுபத்துமூவருள் ஒருவராதல் காரணமோவெனின், அதுவுமன்று. மணிவாசகரும் கருவூர்த்தேவரும் அத்தொகையுள் இல்லை. அத்தொகையுட்பட்டார் பலர் ஒரு பாடலும் பாடிலர். சொல்லழகே காரணமோவெனின், சொல்லழகிற் குறைவில்லாத தமிழ்ப் பெருநூல்கள் பல புறத்தே நிற்றலின், அதுவும் பொருந்தாது.

பின்னை யாது காரணம்? பாட்டு இறைவன் திருமுன் ஓதப்படுதற்கு உரியதாதல் என்க. ஆதலினன்றே பண்ணமைந்த தேவாரம் முன்னே வைக்கப்பட்டது. தஞ்சைப் பெருங்கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்வார் 48 பேரை இராசராசன் நியமித்தமை அக்கோயிற் கல்வெட்டால் நன்கு விளங்கும். அவருடன் உடுக்கை வாசிப்பாரும் கொட்டிமத்தளம் முழக்குவாரும் அமர்த்தப்பட்டனர். திருமுறை என்பது புலவர் அவையில் முதற்பரிசு பெற்ற பாடல்களின் பட்டியலன்று. வழிபாட்டிற்குரிய திருவாக்கின் தொகுதி.

வாயில் அடைந்த காலம்

இத்தொகுதி ஒரே நாளில் முற்றுப்பெற்றதுமன்று. ஒன்பதாந் திருமுறையுள் கருவூர்த்தேவர் கங்கைகொண்ட சோளேச்சரத்தைப் பாடிய பதிகம் உள்ளது. அக்கோயில் இராசராசனுக்குப்பின் அரசாண்ட அவன் மகன் இராசேந்திரன் எடுப்பித்தது. ஆகவே நம்பிகள் பணி இராசராசன் காலத்தைக் கடந்தும் நடந்ததாதல் வேண்டும். அன்றேல் அப்பதிகம் பின்னர்ச் சேர்க்கப்பட்டதாதல் வேண்டும். இரண்டனுள் எதனைக் கொள்ளினும் வாயில் சிலகாலம் திறந்தே யிருந்தமை பெறப்படும். பின்னர் இரண்டாங் குலோத்துங்கன் காலத்துச் சேக்கிழார் அருளிய பெரியபுராணம் பன்னிரண்டாந் திருமுறையாக ஏற்கப்பட்டது. அதற்குப்பின் எந்நூலும் பதின்மூன்றாவதாக ஏறவில்லை. மெய்கண்ட சாத்திரங்கள் 14-உம் நமக்குப் பிரமாண நூல்களாயினும் அவை வேறு வரிசையிலேயே நிற்கின்றன.

வாயில் அடைந்தபின்னும் திருமுறைக்கு ஒரு வரவு உண்டாயிற்று. 1917-இல் திருவிடைவாய்க் கோயிற் கல்வெட்டிலிருந்து சம்பந்தர் பதிகமொன்று கண்டெடுக்கப்பட்டது. அது ஏட்டிலில்லாமலும் திருமுறையோடு சேர்த்து ஓதவும் அச்சிடவும் பெற்றது. அதன் இனிமையை அளந்து பார்த்து எவரும் அதனைச் சேர்த்திலர். சம்பந்தர் வாக்கென்று துணியப்பட்டமையிற் சேர்த்தனர். திருமுறையின் வாயிலில் நின்று கேட்கப்படும் வினா, எவ்வளவு அழகியது என்பதன்று. யாருடைய வாக்கு என்பதே.

பிற சமயத்தார் வரலாறும் இதனோடு ஒத்துச் செல்கின்றது. நாதமுனிகள் தொகுத்த ஆழ்வார் பாசுரங்களோடு, பிற்காலத்துத் திருவரங்கத்தமுதனார் பாடிய இராமாநுச நூற்றந்தாதியும் நாலாயிரத்துள் ஓதப்படுவதாயிற்று. பஞ்சாப் நாட்டுச் சீக்கியர், தம் ஐந்தாங் குருவாகிய அர்ச்சுனர் 1604-இல் தொகுத்த ஆதிகிரந்தத்தைப் போற்றுவர். நம் தேவாரம் பண்முறையால் வகுக்கப்பட்டதுபோல அதுவும் இராகமுறையால் வகுக்கப்பட்டது. கபீர், நாமதேவர், இரவிதாசர் முதலிய பிற அடியார் பாடல்களும் அதனுள் இடம்பெற்றன. பின்னர் ஒன்பதாங் குருவின் பாடல்கள் சேர்ந்தன. அதன்பின் அதுவும் நிறைவெய்தியது. அன்பின் தொகுதிகள் ஒருகாலம் வளர்ந்து, பின்னர் ஓர் எல்லையில் நிற்றல் உலகியல்பு போலும். எல்லையில்லாத தொகுதி நெடுங்காலம் காக்கப்படுதல் அரிது.

முன்னோர் செய்த திரட்டு

தொகுதி வேறு, தேர்வு வேறு. சிறந்தனவற்றைத் தேர்தல் நம் முன்னோர் அறியாத செயலன்று. அகத்தியர் தேவாரத் திரட்டு என்பதொன்று நம் மடங்களில் வழிவழி ஓதப்பட்டு வருகின்றது. தேவாரம் முழுவதையும் நாடோறும் ஓதவேண்டுமென விழைந்து, அது கூடாமையின் வருந்திய சிவாலய முனிவர்க்கு, அகத்திய முனிவர் 25 பதிகங்களைத் தெரிந்து கொடுத்தனர் என்பது அதன் வரலாறு. அவை குருவருள், திருநீறு, திருவைந்தெழுத்து, கோயில், சிவனுருவம், திருவடி, அருச்சனை, தொண்டு என எட்டுத் தலைப்பில் அடங்கும். மற்றொன்று உமாபதிசிவாசாரியர் செய்த தேவார அருள்முறைத் திரட்டு. அது திருவருட்பயனின் பத்து அதிகாரங்களுக்கும் இயைய 99 பாடல்களைத் தெரிந்து தொகுத்தது.

இவ்விரண்டும் தேர்வேயாயினும், தேர்ந்த முறையை நோக்குமின். இனிய பாடல் எது, ஏனையவற்றை வென்ற பாடல் எது என்று அவர் ஆராய்ந்திலர். அன்றாட வழிபாட்டிற்கு எது போதும் என்பது முன்னதன் நோக்கம். சித்தாந்தப் பொருளுக்குச் சான்றாவது எது என்பது பின்னதன் நோக்கம். இராமேச்சுரத்துக்குரிய மூன்று பதிகங்களுள் ஒன்றும் அந்த 25-இல் இல்லை. அதனால் அவை தாழ்ந்தன எனப்படுமோ? படா. சேதுவில் நீராடி, இராமபிரான் பழிநீங்கப் பூசித்த பெருமானை வணங்குவார்க்கு அம்மூன்றனினும் சிறந்த பதிகம் வேறெங்குளது? பயன் நோக்கியே தேர்வு. பயன் மாறுமிடத்துத் தேர்வும் மாறும். இதனை உணராதாரே ஒரு திரட்டைக் கையிற்கொண்டு மற்றவற்றை இகழ்வர்.

புறம்பே நின்ற பாடல்கள்

இனித் திருமுறைக்குப் பிற்பட்ட பாடல்களைக் காண்போம். விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) காலத்துத் திருச்சிராப்பள்ளியிற் பணிபூண்டிருந்தவர் தாயுமானவர் என்பது வழங்கும் வரலாறு. அவர் துறவுபூண்டு இறுதியில் இராமநாதபுரத்தை அடைந்து ஆங்கே சமாதியுற்றனர். அந்நகரத்து இலட்சுமிபுரத்தில் அவர் சமாதிக் கோயிலை இன்றும் காணலாம். அவர் பாடல்கள் 56 தலைப்பில் அமைந்தவை. பராபரக்கண்ணி யொன்றே 389 கண்ணிகளையுடையது. அவை திருமுறையல்ல. எனினும் அவற்றை ஓதி உருகாத சைவர் யார்?

ஈண்டு ஒன்று கருதத்தக்கது. தாயுமானார் தம்மை மூவர்க்கும் மணிவாசகர்க்கும் அடியராகவே வைத்துப் பாடினர். தமக்கு முற்பட்ட அருணகிரிநாதரையும் பெரிதும் போற்றினர். திருமுறைக்குப் புறம்பே நின்ற ஒருவர், அங்ஙனமே புறம்பே நின்ற மற்றொருவரை வணங்குகின்றார். தம் பாடலைத் திருமுறையாக்குக என்று இருவரும் கேட்டிலர். கேளாமலே அவர்க்கு இடம் கிடைத்தது. கோயில்களிற் பஞ்சபுராணம் ஓதுங்கால் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம் ஆகிய ஐந்தின்பின் திருப்புகழ் ஓதும் வழக்கமும் பல கோயில்களில் நிலைபெற்றுவிட்டது. ஐந்தென்ற பெயரும் கெடவில்லை, திருப்புகழும் விலக்கப்படவில்லை. அன்பர் கூட்டம் வாதமின்றிச் செய்துகொண்ட சமாதானம் இது.

அருட்பா வழக்கு

வாதத்தோடு நிகழ்ந்த வரலாறும் உண்டு. அதனை மறைத்தல் அறமன்று. இராமலிங்க சுவாமிகள் (1823–1874) பாடல்களை அவர் மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1867-இல் அச்சிட்டபொழுது, நூலுக்குத் ‘திருவருட்பா’ என்று பெயரிட்டு, பகுதிகளைத் ‘திருமுறை’ என்று வகுத்தனர். யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) இதனை வன்மையாக மறுத்தனர். அருட்பா என்பதும் திருமுறை என்பதும் முன்னோர் வாக்கிற்கே உரிய பெயர்கள் என்பது அவர் கொள்கை. கண்டன நூல்கள் இருபுறத்தும் எழுந்தன. வழக்கு 1869-இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. இருவரும் சிவபதம் அடைந்தபின்னும் அது ஓயவில்லை. 1903-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நா. கதிரைவேற்பிள்ளையும் மறைமலையடிகளும் அதனை மீண்டும் தொடுத்தனர்.

நாவலர் பெருமான் திருமுறைக்குக் காவலராய் நின்றவர் என்பதற்குச் சேதுநாடும் ஒருவகையாற் சான்று பகரும். திருக்கோவையாருரையும் திருக்குறட் பரிமேலழகருரையும் அவர் பரிசோதித்து வெளியிட்டபொழுது, பொருளுதவி புரிந்தவர் இராமநாதபுர சமத்தானத்துப் பொன்னுசாமித் தேவர். அத்தேவரின் திருமகனாராகிய பாண்டித்துரைத் தேவரே 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியவர். ஏட்டுப் பிழை களைந்து பெரியோர் வாக்கைத் தூய்மையாக்கும் பணியில் வாழ்நாளைச் செலவிட்ட ஒருவர்க்கு, வாக்கின் எல்லை மயங்குதல் பொறுக்கலாகாமை இயல்பே.

இவ்வழக்கில் எம் கருத்து யாதெனின், கூறுதும். பெயரைப்பற்றிய அளவில் நாவலர் கொண்ட நிலை வன்மையுடையது. பன்னிரண்டு என்று வரையறைப்பட்ட தொகுதியின் பெயரைப் பிறிதொன்றற்கு இடின், பின்வருவார் எல்லாரும் இடுவர். இறுதியில் அப்பெயர்க்குப் பொருளே இல்லையாகும். ஆயின் பெயர் பொருந்தாமையைக் காட்டிப் பாடலையும் பாடினாரையும் இழித்துரைத்தற்கு நியாயம் இல்லை. பெயர்வழக்கு வேறு, பாடலின் தரம் வேறு. பசித்தார்க்குச் சோறளித்த கருணையும், பிறவுயிர் துன்பங்கண்டு உருகிய உள்ளமும் அப்பாடல்களில் விளங்கக் காண்கின்றோம். தாயுமானார் பாடலைத் திருமுறையென்று சொல்லாமலே போற்றுகின்ற நமக்கு, வள்ளலார் பாடலையும் அங்ஙனமே போற்றுதற்குத் தடை யாது? இருபுறத்து அன்பரும் பெயரையும் தரத்தையும் ஒன்றாக்கியமையாலன்றோ நல்லோர் இருவர் நீதிமன்றத்தின்கண் எதிரெதிர் நிற்க நேர்ந்தது!

அற்றேல், திருமுறையே ஏனைய பாடலெல்லாவற்றினும் உயர்ந்ததென்று கூறுதல் ஆகாதோ எனின், ஆகும். ஆயின் கூறும் முறை யறிந்து கூறுதல் வேண்டும். ஆசாரியர் திருவாக்கென்னும் பிரமாணத்தாலும், திருமுன் ஓதப்படும் உரிமையாலும் அஃது உயர்ந்தது. ஒருவன் நெஞ்சை ஒருபொழுதில் உருக்கும் ஆற்றலோ எப்பாடல்வழி வருமென்று எவரும் வரையறுத்தல் இயலாது. அரசனது செங்கோல் ஒன்றே. அவன் நாட்டில் ஆறுகள் பல. செங்கோல் ஒன்றென்பதனால் ஆறுகளைத் தூர்க்கவேண்டுவதில்லை.

முடிபு

இவ்வாராய்ச்சியாற் பெறப்படுவன மூன்று. திருமுறை பன்னிரண்டென்னும் எல்லை அங்ஙனமே காக்கப்படுக. புதுவரவு வேண்டுமென்பாரது வேண்டுகோள் அன்பினாற் பிறந்ததாயினும் ஏற்கத்தக்கதன்று. பிற்காலத்து அருளாளர் பாடல்கள் தத்தம் பெயராலேயே போற்றி ஓதப்படுக. திருமுறை யாகாமை அவற்றுக்கு இழிவன்று. திரட்டுக்கள் வேண்டுவார் வேண்டும் பயன்நோக்கித் திரட்டிக்கொள்க. ஆயின் திரட்டு முழுநூலை விழுங்குமாறு விடற்க.

மூன்றாவதே இக்காலத்து நாம் பெரிதும் அஞ்சவேண்டுவது. சிறந்தன எவை என்று வாதிடுகின்ற நாம், எண்ணூறு பதிகங்களில் எத்தனையை ஓதுகின்றோம்? கோயிலிலும் இல்லத்திலும் மேடையிலும் மீட்டும் மீட்டும் கேட்கப்படுவன எண்ணிச் சொல்லத்தக்க சிலவே. மற்றவை அச்சுப் புத்தகத்துட் கண்ணுறங்குகின்றன. அன்று தில்லையறையுள் ஏட்டைத் தின்றது செல். இன்று நம் மறதி அச்செல்லின் தொழிலைச் செய்கின்றது. செல்லரித்த ஏட்டுக்காக வருந்தும் நாம், அரியாது எஞ்சியதை ஓதாதிருத்தற்கு யாது விடை கூறுவோம்?

இதற்கு யாம் காணும் பரிகாரம் எளியது. அவ்வத்தலத்தில் அவ்வத்தலத்துப் பதிகம் நாடோறும் பண்ணோடு ஓதப்படுக. இராமேச்சுரத் திருக்கோயிலுக்குக் காசியிலிருந்தும் பிற நாட்டிலிருந்தும் வருவார் எண்ணிறந்தோர். அவர் கோயிலினுள் 22 தீர்த்தத்திலும் நீராடி, நெடும்பிராகாரத்தைச் சுற்றி வருகின்றனர். அவர் செவியில் சம்பந்தர் பதிகமிரண்டும் நாவரசர் பதிகமும் விழுமாயின், மொழியறியாதாரும் பண்ணால் உருகுவர். திருவாடானையில் ஆடானைப் பதிகம், உத்தரகோசமங்கையில் நீத்தல் விண்ணப்பம், இராமநாதபுரத்துச் சமாதிக் கோயிலிற் பராபரக்கண்ணி என்றிங்ஙனம் ஊர்தோறும் ஒவ்வொரு பாடல் உயிர்பெறின், மிகச் சிறந்த பாடல் எது என்னும் வினாவுக்கு ஊர்தோறும் ஒவ்வொரு விடை கிடைக்கும்; அவ்விடைகள் ஒன்றோடொன்று மாறுகொள்ளா.

1964-இல் எழுந்த பெரும்புயலில் தனுக்கோடி நகரம் கடல்வாய்ப்பட்டது. புகைவண்டி நிலையமும் வீதியும் மனையும் அழிந்தன. அக்கரையின் பெருமையைப் பாடிய பதிகங்களோ ஆயிரத்து முந்நூறு ஆண்டு கடந்தும் அழியாது நிற்கின்றன. கல்லால் ஆகியவற்றைக் கடல் கொள்ளும்; நாவில் வாழ்வதனை அது கொள்ளமாட்டாது. ஆதலின் அன்பர்காள், பெரியது எது என்னும் வாதத்தைச் சிறிது நிறுத்தி, நும் ஊர்ப் பெருமான்மேல் அமைந்த பதிகம் ஒன்றனை இன்றே பண்ணோடு பயிலத் தொடங்குமின். பயின்றபின் அதனினும் சிறந்த பாடல் உண்டோ என வினவுமின்.

திருச்சிற்றம்பலம்.